நாலு கச்சேரி, எண்ணூறு வருஷம்: நடுவில் ஒரு தேவாரம் வைக்கலாமா?

டர்பன்_ஆல்டோ · வெள்ளி, இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். நான் டர்பனில் ஒரு சின்னப் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். மொத்தம் பதினாறு குரல், பக்கவாத்தியம் கிடையாது. ஊர் திருச்சி, இங்கே வந்து பதினொரு வருஷம். குழுவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். இன்னொரு பெண்ணின் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவளுக்குத் தமிழ் 'தண்ணி', 'வாடி' அளவில் நிற்கிறது.

அடுத்த ஆண்டுக்கு நான்கு நிகழ்ச்சிகள் முடிவாகியிருக்கின்றன. எல்லாவற்றிலும் மிகப் பழையதும் மிகப் புதியதும் பக்கத்துப் பக்கத்தில். மார்ச்சில் தவக்காலத்துக்காக, பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் தாமஸ் தாலிஸின் எரேமியா புலம்பல், கூடவே எஸ்தோனியாக்காரர் ஆர்வோ பேர்ட். ஜூனில் பெரோத்தானின் 'விதெருந்த் ஓம்னெஸ்' (1198), அப்புறம் ஜெர்மனிக்காரர் ஷ்டாக்ஹவுசனின் 'ஷ்டிமுங்' (1968) படைப்பிலிருந்து சில பகுதிகள். செப்டம்பரில் 1600 வாக்கில் எழுதிய இத்தாலிக்காரர்கள் மொன்தெவெர்தி, ஜெசுவால்தோ, அவர்களோடு நம் தென்னாப்பிரிக்க ஆட்கள். டிசம்பரில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னியாஸ்திரி ஹில்டெகார்ட் அம்மையாரும் அமெரிக்காவின் கரோலைன் ஷாவும்.

சிக்கல் ஜூனில். எங்கள் நடத்துனர் (பஸ் நடத்துனர் இல்லை, கை ஆட்டுகிறவர்) "ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் பாடுவது உங்கள் ஊர் வழக்கம்தானே, தமிழில் ஒன்று கொண்டு வா" என்றார். நான் சுந்தரரின் கொடுமுடிப் பதிகத்தைச் சொன்னேன். பண் (பழந்தமிழ் ராகம்) பழம்பஞ்சுரம், இன்றைய ராகத்தில் சங்கராபரணம். ஒரே வாரத்தில் எங்கள் டெனர் ஒருவர் அதற்கு நாலு குரலில் ஹார்மனி எழுதிக் கொண்டுவந்துவிட்டார். கேட்க நன்றாகவே இருக்கிறது, எனக்கோ தூக்கம் வரவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

ஜோபர்க்_சாம்பார் · வெள்ளி, இரவு 10:52

அக்கா, தேவாரம் அப்புறம். முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகம். 1600-இலிருந்து நேராக 1968-க்குத் தாவுகிறீர்களே, நடுவில் இருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பீத்தோவன், பிராம்ஸ் எல்லாம் டிக்கெட் வாங்கி உட்கார வேண்டியதுதானா?

பெரோத்தானை யூடியூபில் போட்டேன். முதல் எழுத்து 'வி'. ஒரு நிமிஷம் கழித்து வந்து பார்த்தாலும் 'வி'தான் ஓடுகிறது. குக்கர் விசில் மாட்டிக்கொண்டதோ என்று வீட்டில் அடுப்படிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

டர்பன்_ஆல்டோ · சனி, காலை 7:30

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த 'வி'யில்தான் விஷயமே இருக்கிறது. பாரிஸ் நோத்ர் தாம் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசைக்கான பாட்டு அது. நாலு குரல். கீழே இருக்கிறவர் பழைய கிரிகோரியன் மெட்டின் (சர்ச்சில் ஒரே குரலாகப் பாடும் லத்தீன் மெட்டு) ஒவ்வொரு ஸ்வரத்தையும் ரப்பர் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பார். மேலே மூன்று பேர் துள்ளிக்கொண்டிருப்பார்கள். 'டெனர்' என்ற பெயரே லத்தீனில் 'பிடித்துக்கொள்' என்ற வினையிலிருந்து வந்தது. உயரமான ஆண் குரல் என்ற அர்த்தம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. தம்புராவுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: தம்புரா இடம் மாறாது, பெரோத்தானின் டெனர் நிமிஷத்துக்கு ஒரு முறை அடுத்த ஸ்வரத்துக்குப் போவார். போகும்போது தரையே நகர்ந்த மாதிரி இருக்கும். கிறிஸ்துமஸ் பாட்டை ஜூனில் பாடுவதற்கு எங்கள் நடத்துனரின் சமாதானம்: "நமக்கு ஜூன்தானே குளிர்காலம்!"

நடுவில் இருந்தவர்களை ஏன் விட்டோம்? நேர்மையாகச் சொன்னால் முதல் காரணம் ஆள் எண்ணிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் பலர் பெரிய கூட்டத்தையும் பியானோ அல்லது ஆர்கெஸ்ட்ராவையும் மனதில் வைத்து எழுதினார்கள். பதினாறு பேர் அதைப் பாடினால் கல்யாண மண்டபத்தில் நாலு பேர் சாப்பிடுகிற மாதிரி இருக்கும். பிராம்ஸைப் பாவம் பார்க்காதீர்கள், அவரே பழைய இசைப் பைத்தியம். வியன்னாவில் குழு நடத்தியபோது அவர் காலத்துக்கு முந்தியவர்களைத் தேடித் தேடிப் பாட வைத்தவர்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. புதிதாக எழுதியவர்கள் பலர் பழைய இசைப் பாடகர்களின் தொண்டையை நினைத்தே எழுதினார்கள். லண்டனில் 1974-இல் தொடங்கி 2014 வரை பாடிய ஹில்லியார்ட் குழு முதலில் பழைய இசைக் குழுதான். பேர்டின் பாடல்களை உலகம் கேட்டதில் பெரும் பங்கு அவர்களுக்கு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஹில்லியர் பிறகு வேறு குழு வைத்து, அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் லாங்குக்கு 2008-இல் புலிட்சர் பரிசு வாங்கித் தந்த படைப்பை முதலில் பாடினார். குரலை ஆட்டாமல் நேராகப் பிடிப்பது, ஸ்வரத்தைச் சுத்தமாகப் பொருத்துவது என்று பழையதற்காகப் பழகிய வித்தை அப்படியே புதியதற்கும் உதவியது.

பேர்ட் கதை தெரியுமா? 1968-க்கு அப்புறம் சில வருஷங்கள் அநேகமாக வாய் திறக்கவில்லை. உட்கார்ந்து கிரிகோரியன் மெட்டுகளையும் இடைக்காலப் பாடல்களையும் படித்தார். 1976-இல் வெளியே வந்தபோது கையில் இரண்டே விதிகள்: ஒரு குரல் படிப்படியாக நடக்கும், மற்றது ஆதாரச் சுரக்கூட்டின் (கோர்டு, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) மூன்று ஸ்வரங்களைத் தவிர வேறெதையும் தொடாது. நம் ஆட்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

கேப்டவுன்_வயலின் · சனி, காலை 11:05

நான் கர்நாடக வயலின் வாசிக்கிறவன். தேவாரத்துக்கு வருகிறேன். ஹார்மனி வேண்டாம். சங்கராபரணத்தில் காந்தாரத்தை எழுதும்போது ஒரு எழுத்து, பாடும்போது அது மத்தியமத்தைத் தொட்டுத் தொட்டு இறங்குகிற ஓர் அசைவு. அதற்குக் கீழே மூன்று பேர் கோர்டு போட்டு நின்றால், அந்தக் காந்தாரத்தை ஆணி அடித்துச் சுவரில் மாட்டியது போல ஆகிவிடும். பிறகு அது சங்கராபரணம் இல்லை, மேஜர் ஸ்கேல். இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்று, ஆள் வேறு.

இங்கே ஒரு விழாவில் பதிகத்தைக் கீபோர்டு கோர்டுகளோடு, ரெடிமேட் டிரம்ஸ் ஓட விட்டுப் பாடக் கேட்டேன். யார் என்று சொல்லப் போவதில்லை. பாதியில் வெளியே போய் டீ குடித்தேன்.

ஜோபர்க்_சாம்பார் · சனி, காலை 11:20

அண்ணா, அப்போது முத்துசுவாமி தீட்சிதர் என்ன செய்தாராம்? கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினாரே, நோட்டுஸ்வரம் என்று? பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்துகிற மெட்டுக்கே ஒன்று இருக்கிறது.

கேப்டவுன்_வயலின் · சனி, மதியம் 12:02

இருக்கிறது, முப்பதுக்கு மேல். நானும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் கவனியுங்கள், அவர் அந்த மெட்டை அதன் போக்கிலேயே விட்டார். கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) சேர்த்து நம் ராகமாக மாற்றவும் இல்லை, நம் ராகத்தை எடுத்து அவர்கள் பேண்டுக்கு வெட்டித் தரவும் இல்லை. நீங்கள் காட்டிய உதாரணம் என் பக்கம் பேசுகிறது, தம்பி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_டீச்சர் · சனி, மாலை 4:40

நான் ஒரு டவுன்ஷிப் (கறுப்பின மக்களின் குடியிருப்பு) பள்ளியில் கணக்கு டீச்சர். சேர்ந்த முதல் மாதம் பள்ளிக் கொயர் (பாடகர் குழு) ஒத்திகையை எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் கையில் மேற்கத்திய இசை எழுதுகிற ஐந்து கோட்டுத் தாள் இல்லை, வெறும் எழுத்துகள்: டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ ஒவ்வொன்றுக்கும் முதலெழுத்து. நடுவில் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் தாளத்துக்கு. எனக்கு அப்படியே சின்ன வயசுப் பாட்டு நோட்டு ஞாபகம் வந்தது. நம்முடைய ச ரி க ம போலவே டோ எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், மற்றவை அதை ஒட்டி நகரும்.

டானிக் சோல்ஃபா என்று பெயர். நாரிச்சைச் சேர்ந்த சாரா க்ளோவர் என்ற அம்மையார் யோசித்தது, பாதிரியார் ஜான் கர்வென் ஊரெல்லாம் பரப்பியது. மிஷனரிகளோடு இங்கே வந்து, ஆப்பிரிக்கக் கொயர்களின் சொந்த எழுத்தாகவே ஆகிவிட்டது. 1897-இல் இனோக் சொன்டோங்கா இயற்றி இன்று நம் தேசிய கீதத்தில் முதலில் வருகிற பகுதியும் இந்த எழுத்துலகத்தில் பிறந்ததுதான். ஹாண்டலின் கோரஸ்களைக்கூட என் மாணவர்கள் சோல்ஃபாவில் படித்துத்தான் பாடுகிறார்கள், தப்பில்லாமல்.

ஆல்டோ அக்கா, உங்கள் குழுவில் சோல்ஃபா படித்தவர்கள் உண்டா? இருந்தால் பதிகத்தை ஐந்து கோட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். ஐந்து கோட்டைப் பார்த்தாலே கண் பியானோக் கட்டைக்குப் போய்விடும்.

டர்பன்_ஆல்டோ · சனி, இரவு 9:10

டீச்சர், பேஸ் (ஆண்களில் தாழ்ந்த குரல்) பாடுகிற நாலு பேரில் மூன்று பேர் சோல்ஃபாவில் வளர்ந்தவர்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை!

பியானோக் கட்டை பற்றி ஒன்று சொல்கிறேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் ஒரு நாள் தாலிஸ் ஒத்திகை. கீபோர்டு செத்துவிட்டது, ஃபோன் வெளிச்சத்தில், பிட்ச் பைப்பில் ஒரு ஊது ஊதித் தொடங்கினோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ்வளவு சுத்தமாகச் சேர்ந்து ஒலித்தது. மின்சாரம் வந்ததும் கீபோர்டில் தட்டிப் பார்த்தால் அரை ஸ்வரத்துக்கு மேல் கீழே இருக்கிறோம்!

நாங்கள் சோம்பேறிகள் என்பது பாதிக் காரணம்தான். மீதி கணக்கு. ச-ப உறவை அதிர்வு வேகத்தில் 3:2 என்று சுத்தமாக வைத்து நாலு முறை ஏறினால் கிடைக்கிற காந்தாரமும், காதுக்கு இனிக்கிற 5:4 காந்தாரமும் ஒன்றல்ல. 81-க்கு 80 என்ற அளவில் ஒரு இழை வித்தியாசம், அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுமார். துணையில்லாமல் பாடும்போது ஒவ்வொரு சுரக்கூட்டையும் சுத்தமாகப் பொருத்தினால், சில திருப்பங்களில் அந்த இழை கழன்று குழு முழுவதும் கீழே சறுக்கும். அப்படி ஐந்து திருப்பம் வந்தால் அரை ஸ்வரம் போச்சு. பியானோ இந்தச் சண்டையைத் தீர்க்க எல்லா ஸ்வரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்துவைத்திருக்கிறது.

தம்புரா இருந்தால் சறுக்க முடியாது, ஆதாரம் காலைப் பிடித்துக்கொள்ளும். நல்ல தம்புராவில் யாரும் மீட்டாமலே காந்தாரம் கேட்கும் இல்லையா? அது அந்த 5:4 காந்தாரம்தான், மந்தர ஸட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிர்ந்து, அதன் உள்ளேயே ஒலிக்கிற மேல்ஸ்வரம். 'ஷ்டிமுங்'கும் இதே சங்கதி. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரே ஒரு தாழ்ந்த பி-ஃபிளாட்டின் மேல்ஸ்வரங்களை மட்டும் எழுபது நிமிஷத்துக்குப் பக்கத்தில் பாட வேண்டும், வாயைக் குவித்தும் விரித்தும். நடுநடுவே பல நாட்டுத் தெய்வங்களின் பெயர்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் கால் மணி நேரத்துக்கு மட்டும் துணிந்திருக்கிறோம்.

சாட்ஸ்வர்த்_தாத்தா · ஞாயிறு, காலை 6:15

என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். எங்களுக்குப் பள்ளியில் தமிழ் கிடையாது, கோயில் வகுப்பில் படித்தது. இங்கே நான் நாலாம் தலைமுறை.

பாட்டு என்றால் எங்கள் வீட்டில் மூன்று. கோயிலில் தேவாரம், சாவு வீட்டில் திருவாசகம், திருவிழாவில் கூத்து. கூத்தை இங்கே இங்கிலீஷில் 'ஆறடி ஆட்டம்' என்று சொல்வார்கள், உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அப்புறம் தமிழ் எய்ஸ்டெட்ஃபோட். அது வேல்ஸ் நாட்டுச் சொல், பாட்டுப் போட்டி என்று அர்த்தம். தேவாரம் பாடிக் கோப்பை வாங்கிய பிள்ளைகளுக்கு அது தமிழ்ச் சொல் இல்லை என்று தெரியாது. நானும் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தேவாரத்துக்கு எப்போதும் ஹார்மோனியம். கமகம் என்றெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ஆயா (பாட்டி) பாடின மாதிரி அம்மா, அம்மா பாடின மாதிரி நாங்கள். கட்டைக்குக் கட்டை நேராகத்தான் பாடினோம். கேப்டவுன் தம்பி கேட்டிருந்தால் எங்களைவிட்டும் டீ குடிக்கப் போயிருப்பார்.

கேப்டவுன்_வயலின் · ஞாயிறு, காலை 8:48

ஐயா, அப்படி இல்லை. நான் டீ குடிக்கப் போனது டிரம்ஸுக்காக. நேராகப் பாடினதற்காகப் போகமாட்டேன். மன்னிக்க வேண்டும்.

ஐயா சொன்னதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பண் என்று நாம் இன்று பாடுவதும் பாதி மீட்டெடுத்ததுதான். சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1943-இல் வந்தது. பண் ஆராய்ச்சி என்று ஓதுவார்களையும் புலவர்களையும் கூட்டி வைத்து, எந்தப் பண்ணுக்கு எந்த ராகம் என்று வருஷா வருஷம் வாதாடியது அதற்கும் பிறகு. பழம்பஞ்சுரம் சங்கராபரணம் என்பது ஓதுவார்கள் கையிலிருந்து வந்த வழக்கு. சுந்தரர் காதில் என்ன கேட்டது என்பது வேறு கேள்வி.

டர்பன்_ஆல்டோ · ஞாயிறு, காலை 9:30

இதே கதை அந்தப் பக்கமும் உண்டு. அல்லேக்ரியின் 'மிசெரேரே'யில் ஒரு சின்னப் பையன் உச்ச ஸ்தாயி 'ஸி'க்கு ஏறி எல்லோருக்கும் புல்லரிக்கும். பதினேழாம் நூற்றாண்டின் அதிசயம் என்று எழுதாத நிகழ்ச்சிக் குறிப்பு இல்லை. அந்த உச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இசை அகராதிக்காகப் படியெடுத்தபோது வெவ்வேறு பிரதிகள் ஒட்டிக்கொண்டதால் வந்த தவறு. அழகான தவறு, அதனால் யாரும் திருத்தவில்லை. எங்கள் நடத்துனர் அதைப் போன வருஷம் பாட வைத்தார், நிகழ்ச்சிக் குறிப்பில் உண்மையையும் எழுதி. டிக்கெட் குறையவில்லை.

ஜோபர்க்_சாம்பார் · ஞாயிறு, காலை 10:05

எல்லாம் சரி, பண விஷயத்துக்கு வருவோம். பழசுக்கு ஸ்கோர் இலவசம், புதுசுக்கு காசு, அப்படித்தானே?

டர்பன்_ஆல்டோ · ஞாயிறு, காலை 10:31

அப்படியேதான். பெரோத்தானையும் தாலிஸையும் இணையத்திலிருந்து அச்செடுத்துக்கொள்ளலாம். பேர்டும் ஷாவும் ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு பிரதி, யூரோவிலும் டாலரிலும், பதினாறு தடவை. ஷாவின் எட்டுக் குரல் படைப்பை (2013-இல் முப்பது வயதில் புலிட்சர் வாங்கியது) முழுக்கப் போட ஆசை. இப்போதைக்கு ஒரு பகுதி மட்டும். அது பழைய நடன வகைகளின் பெயர்களைத் தலைப்பாக வைத்துக்கொண்டு மூச்சு, முனகல், தொண்டைப் பாட்டு என்று எங்கெங்கோ போகும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_டீச்சர் · ஞாயிறு, மதியம் 1:15

அந்தத் தொண்டைப் பாட்டு விஷயத்தில் 2019-இல் ஒரு சர்ச்சை வந்தது. வட துருவப் பகுதிப் பழங்குடியான இனுயிட் பெண்கள் ஜோடியாக நின்று பாடும் முறையை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு உரிய இடம் தரவில்லை என்று அவர்கள் தரப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜூன் நிகழ்ச்சிக்கு மேல்ஸ்வரப் பாட்டு தேடி ஜெர்மனி வரை போயிருக்கிறீர்கள். ஈஸ்டர்ன் கேப்பில் லேடி ஃப்ரியர் பக்கம் ன்கோகோ கிராமத்துப் பெண்கள் ஒரே தொண்டையில் அடிஸ்வரமும் மேல்ஸ்வரமும் சேர்த்துப் பாடுகிறார்கள். உம்ங்கோகோலோ என்று பெயர். குவாசுலுவில் இளவரசி மகோகோ உகுபு என்ற ஒற்றைக் கம்பி வில்லைச் சுரைக்குடுக்கையோடு வாசித்துப் பாடிய பதிவுகள் இருக்கின்றன. வில்லில் அடிஸ்வரம் இரண்டே இரண்டு, பாட்டுக்கு வேண்டிய மீதி எல்லாம் மேல்ஸ்வரங்கள்.

அதற்காக நீங்களே அதைப் பாடிவிடாதீர்கள். பாடுகிறவர்களைக் கூப்பிடுங்கள், சன்மானம் கொடுங்கள், அவர்கள் முதல் பாதியில் பாடட்டும்.

டர்பன்_ஆல்டோ · ஞாயிறு, மதியம் 1:40

செப்டம்பருக்கு அப்படித்தான் ஒரு இசிகதமியா (பக்கவாத்தியம் இல்லாத சூலு ஆண்கள் பாட்டு) குழுவைக் கூப்பிட்டிருக்கிறோம். டர்பனில் சனிக்கிழமை இரவு தொடங்கி விடிய விடியப் போட்டி நடத்துகிறவர்கள் அவர்கள். ஒருவர் முன்னால், பின்னால் பேஸ் குரல்கள் மலை மாதிரி, காலை மட்டும் பூனை போல வைப்பார்கள். அவர்கள் பக்கத்தில் ஜெசுவால்தோவைப் பாடப் போகிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பயம். ஜூனுக்கு வில் இசை பற்றி நடத்துனரிடம் பேசுகிறேன். நல்ல யோசனை, நாங்களே யோசித்திருக்க வேண்டும்.

கேப்டவுன்_வயலின் · ஞாயிறு, இரவு 8:20

ஒரு யோசனை, ஏற்றுக்கொண்டால் சந்தோஷம். டெனர் நண்பரின் ஹார்மனியைக் கிழிக்க வேண்டாம், வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிகத்துக்கு ஆண்கள் ச-ப மட்டும் பிடிக்கட்டும். பெரோத்தானின் டெனர் பிடிப்பது போல, ஆனால் நகராமல். மூச்சை ஆளுக்கு ஆள் மாற்றி விட்டால் அறுபடாது. மேலே நீங்கள் தனியாகப் பாடுங்கள், விருத்தம் போல, தாளம் இல்லாமல். பல்லவியாகத் திரும்பி வரும் கடைசி அடியை மட்டும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நேராகப் பாடட்டும், ஐயாவின் ஆயா பாடியது போல. காந்தாரம் நீங்கள் பாடும்போது அசையட்டும், அவர்கள் பாடும்போது நிற்கட்டும். கீபோர்டைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

டர்பன்_ஆல்டோ · புதன், இரவு 10:50

இன்றைக்கு ஒத்திகையில் முயன்று பார்த்தோம். அப்படியே எழுதுகிறேன்.

டெனர் நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் முகம் வாடினார். பதிகத்தைச் சோல்ஃபாவில் எழுதிக் கொண்டுபோனேன், டீச்சர் சொன்னபடி. பேஸ் அண்ணன் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்து, "உனக்கு டோ எது, சொல்" என்றார். பிட்ச் பைப்பை எடுக்கப் போனேன். "வேண்டாம், நீ பாடிக் காட்டு" என்றார். பாடினேன், பிடித்துக்கொண்டார்கள். முதல் தடவை ப கொஞ்சம் தாழ்ந்தது. இரண்டாம் தடவை பொருந்தியபோது, யாரும் பாடாத காந்தாரம் சர்ச் கூரையிலிருந்து கேட்டது. சோப்ரானோ ஒருத்தி "யார் பாடுவது?" என்று திரும்பிப் பார்த்தாள்.

நான்தான் சொதப்பினேன். மூன்றாம் அடியில் அழுகை மாதிரி வந்து நிறுத்திவிட்டேன். ஆண்கள் நிறுத்தவில்லை, நான் சேரும் வரை பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மிச்சப் பிரச்சினை 'ழ'. பெண்கள் பாடுகிற அடியில் இல்லை, நல்லவேளை. ஆனால் நிகழ்ச்சித் தாளில் 'பழம்பஞ்சுரம்' என்று ரோமன் எழுத்தில் எப்படிப் போடுவது என்று அரை மணி நேரம் சண்டை.

ஜோபர்க்_சாம்பார் · புதன், இரவு 11:02

அக்கா, ஜூன் நிகழ்ச்சிக்கு ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறேன். 'வி'யை நேரில் கேட்க வேண்டும்.

சாட்ஸ்வர்த்_தாத்தா · வியாழன், காலை 5:50

அம்மா, எனக்கும் வீட்டுக்காரிக்கும் இரண்டு டிக்கெட் எடுத்து வை. தூண் பக்கத்தில் வேண்டாம், அவளுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். வண்டி உள்ளே விடுவார்களா, ரோட்டில்தான் நிறுத்த வேண்டுமா?